முதல் பட்டாக்காரர்: டேனியல் ஃப்ரீமனின் வாழ்வும் சாவும்

14 அடிக்கு 20 அடியில் ஒரு வீடு. பாதி முழுக் கட்டைகளை அடுக்கிக் கட்டியது, பாதி சட்டம் அடித்துப் பலகை பொருத்தியது. ஒரே தளம், இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், மரச்சில்லு வேய்ந்த கூரை, பலகைத் தரை. வெளியே ஒரு குதிரை லாயம், 100 அடி நீளத்தில் ஆட்டுக் கொட்டகை, ஒரு மக்காச்சோளக் குதிர். உழுது வேலி போட்டுப் பயிர் செய்த நிலம் சுமார் 35 ஏக்கர். நட்ட மரக்கன்றுகளில் ஆப்பிள் 40, பீச் ஏறக்குறைய 400.

1868 ஜனவரியில் நெப்ராஸ்காவில் டேனியல் ஃப்ரீமன் என்ற விவசாயிக்காக அக்கம்பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர் சத்தியம் செய்து கொடுத்த சாட்சிப் பத்திரத்தில் இருக்கும் கணக்கு இது. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடியேறிப் பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் சொந்தமாகும். அந்தச் சட்டத்தில் பிரௌன்வில் நில அலுவலகத்தின் 1ஆம் எண் மனு இவருடையது. 1ஆம் எண் இறுதிச் சான்றும் இவருடையதுதான். வாஷிங்டனில் இருந்த பொது நில அலுவலகத்தின் பதிவேட்டில் முதல் தொகுதி, முதல் பக்கத்தில் ஏறிய பட்டாவும் இவர் பெயரில்தான்.

அமெரிக்கப் புல்வெளிக் குடியேற்றத்தைப் பற்றி யார் பேசினாலும் இவர் கதை வந்துவிடும். ஆனால் வருவது எப்போதும் ஒரே கதை, சட்டம் நடைமுறைக்கு வந்த நள்ளிரவில் நில அலுவலகத்தைத் திறக்க வைத்து மனு போட்ட கதை. அது சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டால் இவர் ஏதோ ஒரு ராத்திரி அதிர்ஷ்டத்தில் பேர் வாங்கியவர் மாதிரித் தெரிகிறது. எனக்கு இவர் வேறு மாதிரித் தெரிகிறார். காகிதத்தின் பலம் என்ன என்பது நன்றாகத் தெரிந்த ஆள், அதுதான் இவர். நிலத்தைத் தேர்ந்தெடுத்த விதம், கல்யாணம் நடந்த விதம், 70 வயது தாண்டிக் கோர்ட்டுக்குப் போன விதம் எல்லாவற்றிலும் அதே ஆள் தெரிகிறார். அதனால் கதையை விட்டுவிட்டுக் காகிதங்களை எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். சும்மா சொல்லக் கூடாது, காகிதத்திலும் இடறும் இடங்கள் உண்டு.

முதலில் சட்டம். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு மசோதாவை அப்போதைய ஜனாதிபதி புக்கானன் தடுத்துவிட்டார். சின்னச் சின்ன விவசாயிகள் மேற்கே போய் நிரம்பினால் அந்த மாகாணங்கள் அடிமை முறைக்கு எதிராகத்தான் ஓட்டுப் போடும் என்று தெற்கு மாநிலங்களுக்குப் பயம். 1861இல் அவர்கள் பிரிந்து போனார்கள், அவர்களுடைய ஆட்கள் காங்கிரஸில் இல்லாமல் போனார்கள், மசோதா நிறைவேறிவிட்டது. 21 வயதானவர் அல்லது குடும்பத் தலைவர், அமெரிக்கக் குடிமகன் அல்லது ஆகப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர், அரசுக்கு எதிராக ஆயுதம் எடுக்காதவர், இந்த மூன்றும் பொருந்துகிற யார் வேண்டுமானாலும் 160 ஏக்கருக்கு மனு போடலாம். கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும்கூடப் போடலாம், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்: மனுவோடு 12, கடைசியில் 6. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ததாக இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால் பட்டா. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் ஆறு மாதம் கழித்து ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. அன்று ஒரே நாளில் நாடு முழுக்க மனு போட்டவர்கள் 418 பேர். ஆக, முதல் என்ற பட்டத்துக்கு அன்றைக்கே நூற்றுக்கணக்கான பங்காளிகள்.

சரி, அந்த நள்ளிரவு. ஃப்ரீமன் பிற்காலத்தில் சொன்னபடி, அவர் அப்போது உள்நாட்டுப் போரில் வடக்கு ராணுவத்தில் வேவு பார்க்கும் வேலையில் இருந்தார், விடுப்பில் வந்திருந்தார், மறுநாளே திரும்ப வேண்டும். மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கும் பிரௌன்வில் ஊரில்தான் நில அலுவலகம். புத்தாண்டு விடுமுறை, அலுவலகம் திறக்காது. அதற்கு முந்தைய இரவு ஊரில் நடந்த கொண்டாட்டத்தில் நில அலுவலகக் குமாஸ்தாவைப் பிடித்துப் பேசி மசிய வைத்து, பன்னிரண்டு மணி அடித்த கையோடு அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி மனுவைப் பதிந்துவிட்டு அப்படியே கிளம்பிப் போனாராம். இந்தக் கதைக்கு முக்கிய சாட்சி அவரே. தன்னை முதல் ஆளாக எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் விடாமல் பாடுபட்டார் என்பதையும் சேர்த்துத்தான் இதைக் கேட்க வேண்டும். வேவுக்காரர் கதையின் மேல் நான் எதையும் கட்ட மாட்டேன். ஆனால் மனுவின் எண்ணும் தேதியும் கதை இல்லை, அவை பதிவேட்டில் இருக்கின்றன.

இங்கே ஒரு இடறல். பிரௌன்வில்லிலிருந்து அவருடைய நிலம் மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர். 1868 சாட்சிப் பத்திரமோ, அவர் 1863 ஜனவரி 1ஆம் தேதியே நிலத்தில் குடியேறி, அன்று முதல் இன்று வரை அதையே தன் ஒரே வீடாக வைத்திருந்தார் என்கிறது. நள்ளிரவில் பிரௌன்வில்லில் மனு, அதே நாள் நூறு கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றம், அதுவும் குதிரையும் வண்டியும் மட்டுமே இருந்த காலத்தில், ஜனவரிக் குளிரில்! நள்ளிரவுக் கதையையும் இந்தப் பத்திரத்தையும் எழுத்துக்கு எழுத்து உண்மை என்று ஒரே சமயத்தில் நம்ப முடியாது. கதைப்படி அவர் உடனே ராணுவத்துக்குத் திரும்பினார், பத்திரப்படி வீட்டிலேயே இருந்தார். அப்புறம் 1865 பிப்ரவரியில் அவர் அயோவாவில் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார், அதுவும் உறுதியான தேதி. ஆக "இடைவிடாமல்" என்பது படிவத்தின் வாசகம், வாழ்க்கை அதைவிடச் சிக்கலாக இருந்திருக்கிறது. நில அலுவலகம் இதைக் கிண்டிப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் சக்கரத்தின் மேல் வைத்த வீட்டை ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு இழுத்துப் போய் வைத்து, "இதோ வீடு இருக்கிறது" என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. அவர்களோடு ஒப்பிட்டால் 400 பீச் கன்று நட்டவரை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. போலிக்கு மனு போடுகிறவன் நாலைந்து வருடம் கழித்துக் காய்க்கும் கன்றை நட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

யார் இந்த ஆள்? 1826இல் ஒஹாயோவில் பிறந்தவர். பிற்பாடு இல்லினாயில் வளர்ந்து, மருத்துவம் படித்து வைத்தியமும் பார்த்தவர். மனு போட்ட அன்று வயது 36. முதல் கல்யாணத்தில் குழந்தைகளும் இருந்தார்கள். மேற்கே போகிறவன் என்றால் கையில் ஒன்றுமில்லாத இளவட்டம் என்ற படம் நம் மனதில் இருக்கும். இவர் அப்படி இல்லை. பாதி வாழ்க்கையை ஒரு பக்கம் முடித்துவிட்டு, படிப்பும் அனுபவமும் பேச்சுத் திறமையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்.

அந்த முதிர்ச்சி எங்கே தெரிகிறது என்றால் நிலத்தின் வடிவத்தில். இதுதான் என்னை மிகவும் கவர்ந்த விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுவதையும் 1785 முதல் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருந்தார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். மலையோ ஆறோ எது குறுக்கே வந்தாலும் அளவுக்காரர்கள் கோட்டை நேராகவே இழுத்தார்கள். மனு போடுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கால் பங்கை அப்படியே ஒரு சதுரமாகக் கேட்பார்கள், எழுதுவதற்கும் எளிது. ஃப்ரீமன் அப்படிக் கேட்கவில்லை. கால் பங்கையும் நாலாக்கினால் வரும் 40 ஏக்கர் துண்டுகளில் நான்கைத் தனித்தனியாகப் பொறுக்கினார். 26ஆம் செக்‌ஷனில் வடமேற்குக் கால் பங்கின் தெற்குப் பாதி, அதன் வடகிழக்குத் துண்டு, பிறகு வடகிழக்குக் கால் பங்கின் தென்மேற்குத் துண்டு. வரைந்து பாருங்கள்: மூன்று சதுரம் ஒரு வரிசையில், நடுச் சதுரத்தின் தலையில் இன்னொன்று. ஆங்கில டி எழுத்தைத் தலைகீழாக வைத்தது போல இருக்கும்.

ஏன் இந்தக் கோணல்? அந்த நிலத்தில் கப் கிரீக் என்ற ஓடை வளைந்து ஓடுகிறது. ஓடைக்கரையில் மரங்கள். கிழக்கு நெப்ராஸ்காவில் அந்தக் காலத்தில் மரம் என்றால் ஓடைக்கரையில் மட்டும்தான், மற்றதெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புல். வீடு கட்ட, வேலி போட, குளிரில் எரிக்க எல்லாவற்றுக்கும் மரம் வேண்டும். மரம் கிடைக்காதவர்கள் புல் மண்ணைச் செங்கல் போல வெட்டி அடுக்கி அதில் குடியிருந்தார்கள், மழையில் ஒழுகும், கூரையிலிருந்து பாம்பும் பூச்சியும் விழும். ஃப்ரீமனின் வீட்டில் கட்டைச் சுவரும் பலகைத் தரையும் இருந்ததற்குக் காரணம் அந்த டி வடிவம். தண்ணீர், மரம், உழுவதற்குச் சமவெளி, மூன்றும் ஒரே 160 ஏக்கரில் வருகிற மாதிரி வெட்டி எடுத்திருக்கிறார். இடத்தை முன்பே நடந்து பார்க்காமல் இந்த எண்களை யாரும் எழுதியிருக்க முடியாது. நள்ளிரவில் குமாஸ்தாவை மசிய வைத்ததைவிட இது பெரிய சாமர்த்தியம்.

அதோடு இடமும் நல்ல இடம். நெப்ராஸ்காவின் தென்கிழக்கு மூலை, மழைக்குப் பஞ்சமில்லாத பக்கம். பக்கத்திலேயே பியாட்ரிஸ் என்ற சிற்றூர். மிசௌரி ஆற்றில் நீராவிப் படகில் வந்துகொண்டிருந்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்து 1857இல் உண்டாக்கிய ஊர் அது, தங்களில் ஒருவருடைய மகளின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். நிலத்திலிருந்து ஊருக்கு நாலு மைல். 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்று வாஷிங்டனில் போட்ட கணக்கு இங்கே செல்லும். இதே மாநிலத்தின் மேற்குப் பக்கம் போனால் செல்லாது. அங்கே மழை பாதிதான். அதைச் சட்டம் ஒப்புக்கொள்ள நாற்பது வருடம் ஆயிற்று, 1904இல்தான் மேற்கு நெப்ராஸ்காவுக்கு மட்டும் 640 ஏக்கர் என்று மாற்றினார்கள். மொத்தம் சுமார் 40 லட்சம் பேர் இந்தச் சட்டத்தில் மனு போட்டார்கள், பட்டா வாங்கியவர்கள் 16 லட்சம். விட்டுவிட்டு ஓடியவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று நினைத்தால் பெரிய அநியாயம். பலருக்குக் கிடைத்தது உழைப்பு பலிக்காத மண்.

இனி அக்னஸ். அக்னஸ் சூட்டர் அயோவாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் லெக்ளேர் ஊர்ப் பெண். முதலில் அவருக்கு நிச்சயமாகியிருந்தது டேனியலின் தம்பி ஜேம்ஸுக்கு. ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அதன் பிறகு டேனியலுக்கும் அக்னஸுக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கிற்று. தம்பிக்கென்று பேசிய பெண்ணுக்கு அண்ணன் எழுதும் கடிதம், இருவரும் ஒரே சாவைத் துக்கித்துக்கொண்டு. அது எப்போது வேறாக மாறியது என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். 1865 பிப்ரவரி 8 அன்று கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கிட்டத்தட்ட 39, பெண் இருபதுகளின் தொடக்கத்தில்.

நிலக் கணக்கிலும் அக்னஸ் முக்கியம். பட்டாவில் பெயர் ஒன்றுதான், ஆனால் அந்தச் சாட்சிப் பத்திரத்தில் டேனியல் "மனைவியும் இரண்டு குழந்தைகளும் அடங்கிய குடும்பத்தின் தலைவர்" என்று எழுதியிருக்கிறது. வெறும் ஆள் குடியிருப்பதற்கும் குடும்பம் குடியிருப்பதற்கும் எந்த ஊர் அதிகாரி கண்ணிலும் வித்தியாசம் உண்டு. அடுப்பு எரிகிறது, துணி காய்கிறது, குழந்தை அழுகிறது என்றால் அது வீடு. 14க்கு 20 என்றால் 280 சதுர அடி, இப்போது நகரத்தில் ஒரு பெரிய அறை. அதற்குள் சமையல், பிரசவம், நோய், ஆறு மாதக் குளிர் எல்லாம். அந்தப் பத்திரம் "வசிக்க வசதியான வீடு" என்று சொல்வதை நான் நம்புகிறேன், அக்கம்பக்கத்தில் மண் வீட்டில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் அது வசதிதான். ஆனால் அந்த வசதியை நாள்தோறும் உண்டாக்கியவர் பெயர் அதில் "மனைவி" என்று மட்டும் இருப்பது உறுத்துகிறது.

பட்டா கையெழுத்தான தேதி 1869 செப்டம்பர் 1. அப்போது கிராண்ட் ஜனாதிபதி. நெப்ராஸ்காவும் இரண்டு வருடம் முன்பு முழு மாநிலமாகிவிட்டிருந்தது. அதன் பிறகு ஃப்ரீமன் குடும்பம் வளர்ந்தது, நிலமும் வளர்ந்தது. அக்கம்பக்க நிலங்களை வாங்கிச் சேர்த்து ஆயிரம் ஏக்கருக்கு மேல் கொண்டு போனார். கட்டை வீடு போய்ச் செங்கல் வீடு வந்தது. ஊரில் ஷெரிஃப் வேலையும் பார்த்தார். தெற்கு எல்லையில் ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள் மரத்தை நெருக்கமாக நட்டு உயிர்வேலி போட்டார். முள்கம்பி வருவதற்கு முன்னால் அந்தப் பகுதி முழுக்க அதுதான் வேலி, குதிரை தாண்டாது, மாடு முட்டித் தள்ளாது, பன்றி நுழையாது. 1874 கோடையில் நெப்ராஸ்காவையும் கான்சாஸையும் வெட்டுக்கிளிக் கூட்டம் மூடியது, பயிர் முடிந்ததும் மண்வெட்டிப் பிடியில் படிந்த வியர்வை உப்பைக்கூட அவை கொறித்தன என்பார்கள். 1888 ஜனவரி 12 பனிப்புயலில் பள்ளிவிட்டு வந்த குழந்தைகள் வழியிலேயே உறைந்து செத்தார்கள். அந்த மாகாணத்தில் அந்த முப்பது வருடம் தாக்குப் பிடித்ததே பெரிய காரியம்.

இதுவரை சொன்னதில் அந்த நிலம் யாரும் இல்லாத புறம்போக்கு மாதிரி வந்துவிட்டது. அப்படி இல்லை. அது ஓட்டோ-மிசூரியா மக்களின் பூமி. 1854 மார்ச்சில் போட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் தென்கிழக்கு நெப்ராஸ்காவை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றை ஒட்டி 10 மைல் அகலம் 25 மைல் நீளத்தில் ஒரு ஒதுக்கிடத்துக்குச் சுருங்கினார்கள். ஃப்ரீமன் மனு போட்டது அதற்கு ஒன்பதே வருடம் கழித்து. அந்த ஒதுக்கிடம் எங்கே இருந்தது தெரியுமா? ஃப்ரீமனின் நிலம் இருந்த அதே கேஜ் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் தொடங்கிக் கான்சாஸுக்குள் போனது. குதிரையில் போனால் ஒரு நாளில் போய்வரும் தூரம். 18 வருடம் இவர்கள் கிட்டத்தட்ட அண்டை வீட்டுக்காரர்கள். பட்டா எண் 1 வைத்திருந்தவரின் நிலம் வருடா வருடம் பெருகிக்கொண்டே போனபோது, அங்கே இருந்தவர்களின் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, 1881இல் அவர்கள் ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்றும் அங்கேதான் ரெட் ராக் ஊரில் இருக்கிறார்கள். ஓட்டோ மக்களிடமும் காகிதம் இருந்தது, ஒப்பந்தப் பத்திரம். காகிதம் வைத்திருந்தால் நிலம் நிலைக்கும் என்பது ஃப்ரீமன் விஷயத்தில் நிஜமாயிற்று, அவர்கள் விஷயத்தில் ஆகவில்லை. ஒரே அரசு, ஒரே மாவட்டம், ஒரே தலைமுறை. இதைச் சொல்லாமல் ஃப்ரீமன் கதையைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது கோர்ட்டு வழக்குக்கு வருவோம். இவரைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, ஆனால் இதுதான் அவர் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய காரியம்.

நிலத்துக்குப் பக்கத்திலேயே 1872இல் கட்டிய ஓரறைச் செங்கல் பள்ளி, ஃப்ரீமன் பள்ளி என்றே பெயர். 1899இல் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை காலையில் பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, தோத்திரப் பாட்டும் பாட வைத்தார். பள்ளி நிர்வாகக் குழுவின் அனுமதியோடுதான். ஃப்ரீமன் ஆட்சேபித்தார். பொதுப் பள்ளியில் மதப் போதனை கூடாது என்று நெப்ராஸ்கா அரசியலமைப்பு சொல்கிறது, நிறுத்துங்கள் என்றார். குழு கேட்கவில்லை. வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்.

73 வயது, ஊரில் பெரிய மனிதர், ஆயிரம் ஏக்கர், பேரும் புகழும். பேசாமல் இருந்திருக்கலாம். சுற்றிலும் இருப்பவர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள், அவர்களோடுதான் தினமும் முகம் பார்த்தாக வேண்டும், கன்று ஈன்றாலும் களஞ்சியம் எரிந்தாலும் அவர்கள்தான் வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பள்ளிக்கூடக் குழுவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போவது என்பது ஊரையே எதிர்ப்பது. அவர் மேல்முறையீடு செய்தார். 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அந்தப் பள்ளியில் நடந்தது மத வழிபாடுதான், அது மாநில அரசியலமைப்புக்கு முரண் என்று. எதிர்த்தரப்பு மறு விசாரணை கேட்டது. அடுத்த வருடம் நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றாமல் ஒரு விளக்கம் தந்தது: பைபிள் பள்ளிக்குள் வரவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சேர்த்துப் பள்ளியில் பைபிள் வாசிப்பு வழிபாட்டைத் தடை செய்தது 1963இல்தான். அறுபது வருடம் முன்னால் ஒரு கிராமத்து ஓரறைப் பள்ளியிலிருந்து இந்தக் கேள்வியை மேலே கொண்டுபோனவர் இந்தக் கிழவர்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. டி வடிவ நிலத்தை எழுதிய அதே ஆள்தான் இவர். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறார், அது தனக்கு என்ன தருகிறது என்று பார்க்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. இளமையில் நிலத்துக்காகச் செய்தார், முதுமையில் பள்ளிக்காகச் செய்தார். முதலாவதில் லாபம் அவருக்கு. இரண்டாவதில் அவருக்கு ஒரு ஏக்கர்கூடக் கிடைக்கவில்லை, மனக்கசப்புதான் மிச்சம். அதனாலேயே இரண்டாவது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தீர்ப்புக்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். 1908 டிசம்பர் 30 அன்று இறந்தார், வயது 82. இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் மனு போட்ட நாளின் 46ஆம் ஆண்டு நிறைவைப் பார்த்திருப்பார். அவர் போய் இரண்டு மாதம் ஆவதற்குள், 1909 பிப்ரவரி 19 அன்று, வறண்ட மாநிலங்களுக்கு 320 ஏக்கர் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

அவரை அவருடைய நிலத்திலேயே புதைத்தார்கள், கிழக்கு ஓரத்தில், உயரமான இடத்தில். ஊர்க் கல்லறை நாலே மைல் தூரத்தில் இருக்கும்போது ஒரு குடும்பம் இப்படி முடிவு செய்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. அந்த 160 ஏக்கரை வாங்கியவர் அதை விட்டுப் போவதாக இல்லை.

அக்னஸ் அதன் பிறகு 22 வருடத்துக்கு மேல் இருந்தார். இறந்தது 1931இல். அவரும் அங்கேதான் அடக்கமானார். முதலில் நிச்சயித்த மாப்பிள்ளை ஜேம்ஸ் செத்தபோது இருபதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண், கட்டை வீட்டில் குடித்தனம் தொடங்கியவர், ஊரில் மோட்டார் கார் ஓடுவதையும் மின்சாரம் வருவதையும் பார்த்துவிட்டுப் போனார். இந்தக் குடும்பத்தின் மூத்தவர் என்று யாரைச் சொல்வது என்றால், கடைசி இருபது வருடம் அவர்தான்.

1936 மார்ச் 19 அன்று காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தது. இரண்டு வருடம் கழித்து அரசு நிலத்தைக் கையகப்படுத்திற்று. 18 டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்த அரசே திரும்ப வாங்கிக்கொண்டது. 2021இல் பெயரை ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா என்று மாற்றினார்கள். ஓரறைப் பள்ளியில் 1967 வரை பாடம் நடந்தது, இப்போது அதுவும் பூங்காவோடு சேர்ந்தது. ஓசேஜ் ஆரஞ்சு வேலியும் தெற்கு ஓரத்தில் நிற்கிறது. இந்தச் சட்டத்தில் மொத்தம் 27 கோடி ஏக்கர், நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, தனியார் கைக்குப் போயிற்று. நெப்ராஸ்காவில் மட்டும் மாநிலத்தின் 45 சதவீதம். கடைசிப் பட்டா 1988இல் அலாஸ்காவில் கொடுத்தது.

1868 பத்திரத்தில் பெருமையாக எழுதிய அந்த உழுத நிலம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். எழுபத்தைந்து வருட உழவில் மேல் மண் அரித்துப் போயிருந்தது. மண்ணைப் பிடித்து நிறுத்த 1939இல் பூங்கா அலுவலர்கள் அங்கே பழைய நாட்டுப் புற்களை மறுபடி விதைத்தார்கள். தேசியப் பூங்காத் துறையில் இப்படிப் புல்வெளியை மீட்ட வேலைகளில் இது மிகப் பழையவற்றில் ஒன்று. இப்போது சுமார் நூறு ஏக்கரில் அந்தப் புல் நிற்கிறது, கோடை முடியும்போது ஆள் உயரத்துக்கு மேல்.